மண்ணு ட்ராக், 20 இன்ச் சக்கரம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, சின்ன வயசுல சதர்ன் கலிஃபோர்னியால பிஎம்எக்ஸ் ரேஸ் ஓட்டினத பத்தி போற போக்குல நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு இத்தன கேள்வி வரும்னு நான் எதிர்பாக்கல, பாத்ததும் மனசுக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேத்துட்டேன்.

கே: சார், பிஎம்எக்ஸ்னா ஹேண்டில்பார சுத்தி விட்டு, ஒத்த வீல்ல நின்னு வித்தை காட்டுறதுதானே? அதுல ரேஸ் எங்க இருந்து வந்துச்சு?

ப: ரேஸ்தாங்க முதல்ல. வித்தையெல்லாம் அதுக்கு அப்புறம் பொறந்தது. பிஎம்எக்ஸ்ங்கற பேரே பைசிக்கிள் மோட்டோகிராஸ்தான், மோட்டோகிராஸ்னா மண்ணு மேடு பள்ளத்துல ஓட்டுற மோட்டார்சைக்கிள் ரேஸ். 1963ல ஷ்வின் கம்பெனி ஸ்டிங்ரேன்னு ஒரு சைக்கிள் விட்டாங்க, 20 இன்ச் சக்கரம், உசரமான ஹேண்டில்பார், வாழைப்பழம் மாதிரி நீளமான சீட்டு. அந்த 60கள் கடைசில சதர்ன் கலிஃபோர்னியா முழுக்க மோட்டோகிராஸ் பைத்தியம் புடிச்சு கெடந்துச்சு, அண்ணனுங்க எல்லாம் மோட்டார்சைக்கிள்ல மேடு தாண்டுறாங்க, பத்து வயசு தம்பிக்கு யாரு மோட்டார்சைக்கிள் வாங்கித் தருவா? அவன் கிட்ட இருந்தது ஸ்டிங்ரே. மட்கார்ட கழட்டி எறிஞ்சிட்டு, காலி மனைல மண்ண குவிச்சு மேடு கட்டி, வாயாலயே எஞ்சின் சத்தம் குடுத்துகிட்டு ஓட்ட ஆரம்பிச்சான், அவ்வளவுதான் ஆரம்பம்.

1969ல லாஸ் ஏஞ்சலஸ்ல பாம்ஸ் பார்க்னு ஒரு இடத்துல பசங்க போட்டி வச்சு ஓட்டினாங்க, அந்த பார்க்ல வேலை பாத்த ஒரு டீனேஜ் பையன்தான் அத நடத்திக் குடுத்தது. 1970 நவம்பர் 14ம் தேதி லாங் பீச்ல ஸ்காட் ப்ரைட்ஹாப்ட்னு ஒருத்தர் ஒரு காலி நிலத்துல ரேஸ் வச்சார். ஒருத்தர்னு சொல்றேன், அப்ப அவருக்கு வயசு 13! ஆளுக்கு 25 சென்ட் வசூல் பண்ணி, தான் மோட்டார்சைக்கிள் ரேஸ்ல ஜெயிச்ச கோப்பைகளையே எடுத்து பரிசா குடுத்துட்டார். அன்னிக்கு வந்தது 35 பசங்க, அடுத்த வாரம் 150 பேர். அப்புறம் 1971ல ஆன் எனி சண்டேன்னு ஒரு மோட்டார்சைக்கிள் டாக்குமெண்டரி வந்துச்சு, அதோட ஆரம்பத்துல பசங்க ஸ்டிங்ரேல மண்ணுல பறக்கறத காட்டுவாங்க, அத தியேட்டர்ல பாத்துட்டு அமெரிக்கா முழுக்க பசங்க வீட்டு சவல, அதாங்க மண்வெட்டிய, தூக்கிகிட்டு கிளம்பிட்டாங்க.

இத ஏன் இவ்வளவு விரிவா சொல்றேன்னா, பெரியவங்க உக்காந்து யோசிச்சு பசங்களுக்குன்னு கண்டுபுடிச்ச விளையாட்டு இல்ல இது. பசங்க ஆரம்பிச்சாங்க, பெரியவங்க பின்னாடி வந்து சேந்துகிட்டாங்க. கீழ நான் சொல்லப்போற எல்லாத்துலயும் அது தெரியும்.

கே: உங்க ஊர் ட்ராக்ல ஒரு ரேஸ் நாள் எப்படி இருக்கும்? காலைல இருந்து சொல்லுங்க.

ப: சொல்றேன், ஆனா சனிக்கிழமைல இருந்து சொல்லணும். எங்க ட்ராக் ஒரு கம்பெனியோ முனிசிபாலிட்டியோ போட்டுக் குடுத்தது இல்ல, ஒரு காலி நிலம், யாரோ ஒருத்தரோட அப்பா ஒரு நாள் வாடகைக்கு ட்ராக்டர் கொண்டு வந்து மண்ண தள்ளி விட்டார், மீதி எல்லாம் சவல் வேலை. சனிக்கிழமை காலைல பத்து பதினஞ்சு பேர் நிப்போம், போன வாரம் சக்கரம் பட்டு சரிஞ்ச பெர்ம (வளைவுல சரிவா ஏத்தி கட்டின மண் சுவரத்தான் பெர்ம்னு சொல்லுவோம்) தட்டி சரி பண்ணி, ஹோஸ்ல தண்ணி அடிச்சு, காலால மிதிச்சு மிதிச்சு கெட்டியாக்கணும். தண்ணி அதிகமா போனா சேறு, கம்மியா போனா காலைல புழுதி, முன்னாடி ஓட்டுறவன் தெரிய மாட்டான். அந்த அளவு எனக்கு இப்பவும் கைல இருக்கு, மண்ண எடுத்து அமுக்கி பாத்தா போதும், நாளைக்கு ட்ராக் எப்படி இருக்கும்னு சொல்லிடுவேன். ஒரு மணி நேரம் சவல் புடிச்சா மறுநாள் என்ட்ரி ஃபீஸ் இல்லன்னு எங்க ட்ராக்ல ஒரு பழக்கம் இருந்துச்சு, எனக்கு அது பெரிய உதவி, எங்க வீட்ல நாங்க மூணு பேர் பிள்ளைங்க, வாரா வாரம் காசு கேக்க முடியாது.

ஞாயித்துக்கிழமை காலைல சைன் அப். பேரு, வயசு, கிளாஸ் எழுதிக் குடுக்கணும், நாவிஸ், இன்டர்மீடியட், எக்ஸ்பர்ட்னு மூணு தட்டு, அதுக்குள்ள வயசுப்படி பிரிப்பாங்க. அப்புறம் ப்ராக்டிஸ். ப்ராக்டிஸ் முடியறதுக்குள்ள ஒரு பலகைல மோட்டோ ஷீட் ஒட்டிடுவாங்க, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மோட்டோன்னு பேரு, நீ எத்தனாவது மோட்டோ, எந்த லேன்ல நிக்கணும்னு அதுல இருக்கும். அந்த பலகைய சுத்தி ஒரே தள்ளுமுள்ளு, பேப்பர் எல்லாம் யாரு கிட்டயும் கெடயாது, பேனாவால கை மேலயும், இல்ல மார்க்கரால நம்பர் ப்ளேட் ஓரத்துலயும் எழுதிக்குவோம்.

ஸ்டார்ட் கேட்ல ஒரு தடவைக்கு 8 பேர். மேட்டு மேல ஒரு பலகை நிக்கும், முன் சக்கரத்த அதுல முட்டு குடுத்துகிட்டு, தெரிஞ்சவன் ரெண்டு காலையும் பெடல்ல வச்சு பேலன்ஸ் பண்ணுவான், தெரியாதவன் ஒரு கால தரைல ஊனிப்பான். ஸ்டார்ட்டர் "ரைடர்ஸ் ரெடி, பெடல்ஸ் ரெடி, கோ"ன்னு கத்துவார், பலகை டொம்முனு விழும். அந்த சத்தம் இருக்கே, இன்னிக்கும் எங்கயாவது பலகை விழுந்தா என் வலது கால் தானா இறுகும். மொத்த ஓட்டமே அரை நிமிஷம், முக்கா நிமிஷம்தான். முதல் வளைவுக்கு யாரு முன்னாடி போய் சேர்றானோ அவனுக்கு ஹோல் ஷாட்னு சொல்லுவோம், பாதி ரேஸ் அங்கயே முடிஞ்சிடும், ஏன்னா பின்னாடி வர்ற ஏழு பேரும் ஒரே நேரத்துல அந்த வளைவுல நுழைவாங்க, ஒருத்தன் விழுந்தா நாலு பேர் விழுவாங்க. ஃபினிஷ் லைன்ல அம்மாக்கள்தான் மடக்கு நாற்காலி போட்டு உக்காந்து யாரு எத்தனாவதுன்னு எழுதுவாங்க. மூணு மோட்டோ, முதல்ல வந்தா 1 பாயிண்ட், ரெண்டாவது வந்தா 2, கூட்டி கம்மியா இருக்கறவன் மெயினுக்கு, அதாவது ஃபைனலுக்கு போவான். அது என்பிஎல்ங்கற ரேஸ் சங்கத்தோட முறை. ஏபிஏன்னு இன்னொரு சங்கம், அவங்க ட்ராக்ல வேற மாதிரி, ஒரு மோட்டோ ஜெயிச்சாலே நேரா மெயினுக்கு போய்டலாம், அப்புறம் நிழல்ல உக்காந்து மத்தவன பாக்கலாம். எனக்கு மூணு மோட்டோ முறைதான் புடிக்கும், ஒரு தடவ தப்பு பண்ணினா திருத்திக்க வழி இருக்கும்.

ஒரு நாள் மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கறேன். 1978, எனக்கு 12 வயசு. ரெண்டாவது மோட்டோல மேடு தாண்டி கோணலா எறங்கினேன், பின் சக்கரம் உருளைக்கிழங்கு சிப்ஸ் மாதிரி மடங்கிடுச்சு. அடுத்த மோட்டோக்கு இருபது நிமிஷம் கூட இல்ல. ஓரமா உக்காந்துருந்தேன், அழல, ஆனா பேச முடியல. என் கிளாஸ்ல என்ன ரெண்டு மோட்டோலயும் ஜெயிச்ச பையன், அவங்கப்பா வண்டில போய் ஸ்பேர் வீல எடுத்துட்டு வந்து, ஒண்ணும் சொல்லாம என் சைக்கிள கவுத்து போட்டு நட்டு கழட்ட ஆரம்பிச்சிட்டான். செயின் இழுத்து டைட் பண்ணி, ப்ரேக் உரசுதான்னு சுத்தி பாத்து குடுத்தான். மூணாவது மோட்டோலயும் அவன்தான் என்ன ஜெயிச்சான், நான் அஞ்சாவது. அந்த வீல அடுத்த வாரம்தான் திருப்பிக் குடுத்தேன். லோக்கல் சீன் எப்படி இருந்துச்சுன்னு யாராவது கேட்டா எனக்கு வேற பதில் தெரியாதுங்க, இதுதான்.

கே: ரேஸ் சைக்கிளுக்கும் சாதா சைக்கிளுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? சின்ன சக்கரம், அவ்வளவுதானே?

ப: இல்லவே இல்ல. ஸ்டிங்ரே தெருவுல ஓட்ட செஞ்ச சைக்கிள், சாதா ஸ்டீல். அதுல ஆறடி பறந்து எறங்கினா ஃபோர்க் (முன் சக்கரத்த புடிச்சிருக்கற கவை) வளையும், ஹெட் ட்யூப் (ஃபோர்க் ஃப்ரேமோட சேர்ற குழாய்) கிட்ட ஃப்ரேம் விரிசல் விடும், ஹேண்டில்பார் தொங்கிடும். பசங்க உடைச்சத பாத்து பாத்து அப்பாக்கள் கராஜ்ல உக்காந்து வெல்டிங் பண்ண ஆரம்பிச்சாங்க, அந்த கராஜ்கள்தான் பின்னாடி கம்பெனி ஆச்சு. உடையற ஹெட் ட்யூப் மூலைல ஒரு முக்கோண தகடு வச்சு பத்த வச்சாங்க, கஸெட்னு பேரு. ரெட்லைன் கம்பெனி 1974ல க்ரோமோலி ட்யூப்ல ஃபோர்க் செஞ்சாங்க. க்ரோமோலின்னா குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல், 4130னு நம்பர் போட்டிருக்கும், விமானத்துக்கும் ரேஸ் காருக்கும் பயன்படுத்துற ட்யூப், அதே பலத்துக்கு மெல்லிசா போட முடியும், அதனால வெயிட் குறையும். ஸ்கிப் ஹெஸ் சிமி வேலில தன் கராஜ்ல இருந்து மோட்டோமேக்னு வார்ப்பு சக்கரம் கொண்டு வந்தார், ஸ்போக்கே கெடயாது, மடங்காது, அதுல இருந்துதான் மங்கூஸ்ங்கற சைக்கிள் பிராண்ட் வந்துச்சு. டிராக் ரேஸ் (நேர் கோட்டுல கொஞ்ச தூரம் பாயற கார் ரேஸ்) காருக்கு ஃப்ரேம் கட்டிகிட்டு இருந்த கேரி டர்னர் தன் மகனுக்காக ஒரு ஃப்ரேம் வெல்ட் பண்ணினார், மத்த பசங்களும் கேட்டாங்க, 1979ல ரிச்சர்ட் லாங்கோட சேந்து ஜிடிங்கற கம்பெனி ஆச்சு. ப்ரைட்ஹாப்ட் 1977ல எஸ்இ ரேசிங் தொடங்கி, பெர்ரி க்ரேமர்ங்கற ரைடர் பேருல பிகே ரிப்பர்னு அலுமினியம் ஃப்ரேம் விட்டார், அந்த தட்டையான ட்யூப ஒரு தடவ பாத்தா மறக்க மாட்டீங்க.

பெரிய கம்பெனியும் வந்தாங்க. 1974ல யமஹா முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் சஸ்பென்ஷன் வச்சு ஒரு சைக்கிள் விட்டாங்க, கோல்ட் கப்னு ரேஸ் வச்சு ஃபைனல லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியம்லயே நடத்தினாங்க, அவ்வளவு பெரிய ஸ்டேடியம்ல சைக்கிள் பசங்க! அந்த ரேஸால விளையாட்டு வளந்துச்சு, அதுக்கு நான் எப்பவும் நன்றியோட இருப்பேன். ஆனா அந்த சைக்கிள் ரொம்ப வெயிட்டு, கேட்ல இருந்து கிளம்பவே கஷ்டம், ஸ்ப்ரிங் அமுங்கும்போது மிதிக்கற பலமெல்லாம் அதுலயே போய்டும். கராஜ்ல செஞ்ச கெட்டி ஃப்ரேம்தான் கடைசில ஜெயிச்சுது.

நைலான் சக்கரம் பத்தியும் ஒருத்தர் கேட்டிருந்தார். ஸ்கைவே டஃப் வீல்தானே, அஞ்சு ஆரம் வச்சது? அழகு, கோணாது, விழுந்தா எந்திரிச்சு அப்படியே ஓட்டலாம். ஆனா ஸ்போக் வீல விட வெயிட்டு, ஈரமாச்சுன்னா ப்ரேக் சரியா புடிக்காது.

கே: உங்க ஹீரோ யாரு சார்?

ப: ஸ்டூ தாம்சன். ஸ்டாம்பிங் ஸ்டூன்னு கூப்புடுவாங்க, பெரிய உடம்பு, கேட்ல இருந்து அவர் கிளம்பினா பக்கத்து லேன்ல இருக்கறவன் தானா ஒதுங்குவான். ஹேரி லியரியும் புடிக்கும், காத்துல பறக்கும்போதே திரும்பி பின்னாடி பாப்பார், எத்தன பசங்க அத செஞ்சு பாத்து விழுந்தோம்! இவங்க ஃபோட்டோ எல்லாம் பிஎம்எக்ஸ் ஆக்ஷன் பத்திரிகைலதான் பாப்போம், பாப் ஆஸ்பார்ன் நடத்தினது, ஒரு இதழ் பத்து பேர் கை மாறி அட்டை கிழிஞ்சுதான் திரும்பி வரும். அதுக்கு படம் வரைஞ்ச பாப் ஹேரோ நம்பர் ப்ளேட் செய்ய ஆரம்பிச்சு, அப்புறம் நீங்க முதல் கேள்வில சொன்ன வித்தைக்கெல்லாம் வழி போட்டவர், ஃப்ரீஸ்டைலுக்கு அவர்தான் தகப்பன் மாதிரி.

கே: என் பொண்ணுக்கு 9 வயசு, சைக்கிள்னா உயிர். அந்த காலத்துல பொண்ணுங்க ஓட்டினாங்களா?

ப: ஓட்டினாங்கம்மா, நல்லாவே ஓட்டினாங்க. ஆனா ஆரம்பத்துல பொண்ணுங்க கிளாஸுக்கு பவுடர் பஃப்னு பேரு வச்சிருந்தாங்க, முகத்துக்கு பவுடர் போடற பஞ்சு! ஆறடி மேட்ட தாண்டுற பிள்ளைக்கு அப்படி ஒரு பேரு, அது எனக்கு அப்பவும் புடிக்கல இப்பவும் புடிக்கல. செரி எலியட்னு ஒரு பொண்ணு 80கள் முதல் பாதில நேஷனல் டைட்டிலா அள்ளினாங்க, அவங்க பேர உங்க பொண்ணுக்கு சொல்லிக் குடுங்க. இன்னொருத்தர் விண்டி ஆஸ்பார்ன், ரைடர் இல்ல, ஃபோட்டோகிராஃபர். பிஎம்எக்ஸ் ஆக்ஷன்ல வந்த அந்த பறக்கற படங்கள்ல எத்தனையோ அவங்க எடுத்தது, எங்க ரூம் சுவத்துல ஒட்டியிருந்த பாதி படம் அவங்களோடதா இருக்கும். ஹெல்மெட்டும் கையுறையும் முதல்ல வாங்குங்க, சைக்கிள் அப்புறம்.

கே: இவ்வளவு நல்லா இருந்தது ஏன் அடங்கிப் போச்சு?

ப: அடங்குச்சே தவிர சாகல. 1977ல ஏபிஏ, அதுக்கு முன்னாடி 1974ல என்பிஎல், 1982ல ஒஹையோ டேட்டன்ல முதல் உலக சாம்பியன்ஷிப், அப்படியே ஏறிகிட்டேதான் போச்சு. 80கள் நடுவுல ஃப்ரீஸ்டைல் வந்ததும் கடைல எல்லாரும் அந்த சைக்கிளத்தான் கேட்டாங்க, கம்பெனிங்க காசையும் அந்தப் பக்கம் திருப்பிட்டாங்க, ரேஸ் டீம்கள் ஒவ்வொண்ணா மூடினாங்க. அப்புறம் மவுண்டன் பைக். எங்க வயசுப் பசங்களும் கார் ஓட்ற வயசுக்கு வந்துட்டோம், அதையும் சொல்லணும்.

ஆனா எங்க ட்ராக்க கொன்னது இதெல்லாம் இல்ல, நிலம். காலி நிலம்ங்கறது காலியாவே இருக்காது இல்லையா. ஒரு திங்கக்கிழமை ஸ்கூல் முடிஞ்சு போனா சுத்தி கம்பி வேலி, உள்ள புல்டோசர். நாங்க தட்டித் தட்டி கட்டின பெர்ம் ஒரே தள்ளுல போச்சு. யாரு மேலயும் தப்பு சொல்ல மாட்டேன், நிலத்துக்காரர் அத்தன வருஷம் சும்மா விட்டதே பெருசு. கேட் பலகைய மட்டும் யாரோ முந்தின நாளே கழட்டி எடுத்துட்டு போயிருந்தாங்க, அது பக்கத்து ஊர் ட்ராக்ல ரெண்டு வருஷம் ஓடுச்சு.

கே: ஒலிம்பிக்ஸ்ல பாத்தேன், அதுவும் நீங்க ஓட்டினதும் ஒண்ணா?

ப: எலும்பு ஒண்ணு, உடம்பு வேற. 2008 பெய்ஜிங்ல முதல் தடவையா சேத்தாங்க, லாட்வியாவோட மாரிஸ் ஸ்ட்ராம்பெர்க்ஸும் ஃப்ரான்ஸோட ஆன் கரோலின் ஷோசனும் தங்கம் வாங்கினாங்க. இன்னிக்கும் 8 பேர், இன்னிக்கும் 20 இன்ச், இன்னிக்கும் முதல் வளைவுதான் எல்லாம். ஆனா ஸ்டார்ட் மேடு 8 மீட்டர் உசரம், எங்களது ஆள் உசரம் தாண்டாது. வளைவுக்கு தார் போட்டுட்டாங்க, கால் பெடலோட பூட்டிக்குது, ஸ்டார்ட்டர் கத்தறது இல்ல, ரெக்கார்ட் பண்ணின குரல் பேசி முடிச்சதும் எவ்வளவு நேரம் கழிச்சு கேட் விழும்னு யாருக்கும் தெரியாத மாதிரி மெஷின் பாத்துக்குது. அது நியாயம், எங்க ஸ்டார்ட்டர் மூச்சு இழுக்கறத வச்சே கிளம்பற பசங்க இருந்தாங்க. அந்த 2008 ஃபைனல பாத்தப்ப கண்ணுல தண்ணி நிக்கல எனக்கு.

கே: மாமா ஒருத்தர் கலிஃபோர்னியால இருந்து திரும்பும்போது 1980 வாக்குல ஓட்டின பிஎம்எக்ஸ் ரேஸ் சைக்கிள எனக்கு குடுத்துட்டார். க்ரோம் துரு புடிச்சிருக்கு. பெயிண்ட் அடிச்சு புதுசாக்கலாமா?

ப: தம்பி, தயவு செஞ்சு பெயிண்ட் டப்பாவ மூடி வை. முதல்ல அப்படியே இருக்கும்போது நல்ல வெளிச்சத்துல ஃபோட்டோ எடு. சீரியல் நம்பர் தேடு, அனேகமா பெடல் அச்சு போற அடிப்பாகத்துலயோ பின் சக்கரம் மாட்டற தகடுலயோ குத்தியிருக்கும். அப்புறம் க்ரோம். சமையலறைல இருக்கற அலுமினியம் ஃபாயில கசக்கி, தண்ணில தொட்டு மெதுவா தேய், மேலாப்புல இருக்கற துரு எல்லாம் கருப்பா கரைஞ்சு வந்துடும், க்ரோம் கீறாது. ஸ்டிக்கர் மேல மட்டும் போகாத. துரு க்ரோம தின்னு குழி போட்டிருந்தா அது திரும்பி வராது, விட்டுடு, அசிங்கமா இருக்காது. சீட் போஸ்ட் சிக்கியிருந்தா சுத்தியல் எடுக்காத, துரு இளக்கற எண்ணெய விட்டு ரெண்டு நாள் பொறு.

ஓட்டறதுக்கு முன்னாடி ஹெட் ட்யூப் கஸெட் பக்கம், பின் சக்கர தகடு, எல்லா வெல்டும், தலைமுடி மாதிரி கோடு இருக்கான்னு பாரு. இருந்தா அது சுவத்துல மாட்டறதுக்கு, குதிக்கறதுக்கு இல்ல. அலுமினியம் ஃப்ரேமா இருந்தா இன்னும் ஜாக்கிரதை, அது முன்கூட்டி சொல்லாம உடையும்.

நம்பர் ப்ளேட்டும் இருக்குன்னு எழுதியிருந்த. அதோட ஓரத்துல மங்கலா மார்க்கர்ல ரெண்டு மூணு நம்பர் கிறுக்கியிருந்தா அழுக்குன்னு நெனச்சு துடைச்சிடாத, உங்க மாமா கடைசியா ஓட்டின மோட்டோவும் லேனும் அது.